உயரம் பத்தலைன்னு ஒதுக்கப்பட்ட பயில்வான்

ஹாஸ்டல்ல ரெஸ்லிங் பத்தி பேச ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்னு சொல்லவே முடியாது. அண்டர்டேக்கர் பெரிய ஆளா, ஜான் சீனாவா. டேக் டீம்ல ஹார்டி பாய்ஸா, டட்லி பாய்ஸா, இல்ல இப்போ வந்த உசோஸா. இந்தியாவுல யாருன்னு கேட்டா ஒருத்தன் உடனே கிரேட் காளிம்பான். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவன் அப்பா சொல்லிக் கேட்டதை வச்சு தாராசிங், கிங்காங்னு ஆரம்பிப்பான். இந்த லிஸ்ட்ல வரவே வராத ஒரு பேர் இருக்கு. காமா பயில்வான். இறந்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. என்னைக் கேட்டா லிஸ்ட்டே அவர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஸ்கூல்ல விளையாடின ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கா? உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், மோதின சண்டை, ஜெயிச்ச சண்டை. காமாவுக்கு ஒரு கார்டு அடிச்சா உயரம் 5 அடி 7 அங்குலம்னு இருக்கும். எடை 90 கிலோ பக்கம். உயரம்னு கூப்பிட்டா அந்த கார்டு கையை விட்டுப் போயிடும். காமாவோட வாழ்க்கையில நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். முதல்ல எல்லாரும் அவர்கிட்ட உயரம்தான் கேட்டாங்க.

அவரோட நிஜப் பேர் குலாம் முகமது. 1878 மே 22 அன்று பஞ்சாப்ல அமிர்தசரஸ் பக்கம் பிறந்தார். காஷ்மீர்ல இருந்து வந்து குடியேறின குஸ்திக் குடும்பம். அப்பா, அம்மாவோட அப்பா, மாமா எல்லாருமே கோதாவுல வாழ்ந்தவங்க. அப்பா அஜீஸ் பக்ஷ் இறந்தப்போ பையனுக்கு ஆறு வயசு கூட சரியா முடியலை. தாத்தா எடுத்து வளர்த்தார். அவரும் போனதுக்கு அப்புறம் மாமா ஈதா பயில்வான் பொறுப்பு எடுத்துக்கிட்டார். காமாவுக்கு ஒரு தம்பி உண்டு, இமாம் பக்ஷ். தம்பியை மனசுல வச்சுக்கோங்க, அவர் இல்லாம இந்தக் கதை பாதிதான்.

1888-ல ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். சண்டை இல்லை, பஸ்கி. யார் கடைசி வரைக்கும் பஸ்கி எடுத்துக்கிட்டே நிக்கிறாங்கன்னு பாக்குற போட்டி. 400 பேருக்கு மேல வந்திருந்தாங்க. நாடு முழுக்க இருந்து பெரிய பெரிய பயில்வான்கள். அதுல பத்து வயசுப் பையன் கடைசி பதினஞ்சு பேர்ல ஒருத்தனா நின்னான். வயசைப் பாத்து மகாராஜா அவனையே வெற்றியாளர்னு அறிவிச்சுட்டார். அதுக்கப்புறம் ததியா சமஸ்தானத்து மகாராஜா அவரைத் தன்கிட்ட வச்சு பயிற்சி கொடுக்க ஏற்பாடு பண்ணினார்.

தினமும் 5,000 பஸ்கி, 3,000 தண்டால், பத்து லிட்டர் பால், கூடவே பாதாம் அரைச்ச சர்பத்துன்னு அவரைப் பத்தி எழுதுற எல்லாரும் ஒரு கணக்கு சொல்வாங்க. நம்ம ஜிம்ல புரோட்டீன் டப்பாவோட செல்ஃபி எடுக்குறவங்க இதைப் படிச்சா டப்பாவை ஒளிச்சு வைக்கணும். ஆனா எல்லாத்தையும் நான் அப்படியே நம்பிடலை. உதாரணத்துக்கு பரோடா கல். 1902-ல காமா 1,200 கிலோ கல்லைத் தூக்கினார்னு சொல்றாங்க, அந்தக் கல் இன்னிக்கும் பரோடா மியூசியத்துல இருக்கு. இன்னிக்கு உலகத்துலேயே பலசாலியான ஆள் டெட்லிஃப்ட்ல 500 கிலோவைத் தாண்டவே உயிரைக் கொடுக்குறார். அதுவும் பிடிக்க வசதியா கம்பி இருக்குறப்போ. முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் படிச்ச யாருக்கும் இது இடிக்கும். ஒரு பக்கமா நெம்பிப் புரட்டியிருக்கலாம், அதுவே பெரிய விஷயம். தூக்கி நடந்தார்ங்கிறதை நான் ரசிகர்களோட அன்புன்னுதான் எடுத்துக்கிறேன். காமா பெரிய ஆள்னு காட்ட அந்தக் கல் தேவையும் இல்லை. அவர் மோதின ஆட்களே போதும்.

அதுல முதல் ஆள் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் காலத்து இந்தியாவுல அவர்தான் உச்சம். வயசுல காமாவுக்கு ரொம்ப மூத்தவர். 1895-ல பதினேழு வயசுல காமா அவரைக் கூப்பிட்டார். ஏழடி ஆளுக்கு எதிரா ஐந்தே முக்கால் அடி கூட இல்லாத பையன். மணிக்கணக்கா மோதி ரெண்டு பேரும் சமம்னு முடிஞ்சது. இதை இங்க எல்லாருக்கும் புரியுற மாதிரி சொல்லணும்னா, வாடிவாசல்ல முதல் தடவை இறங்குற பையன் ஊரே பயப்படுற மாட்டோட திமிலைப் பிடிச்சுக் கடைசி வரை விடாம தொங்குன மாதிரி. மாடு ஜெயிக்கலை, பையனும் ஜெயிக்கலை. ஆனா அன்னிக்கு ராத்திரி ஊர் பேசுறது பையனைப் பத்திதான்.

அடுத்த பதினஞ்சு வருஷத்துல காமா இந்தியாவுல மோதாத பெரிய ஆள் கிட்டத்தட்ட யாரும் மிச்சம் இல்லை. 1910-ல கப்பல் ஏறினார். ஆர். பி. பெஞ்சமின்னு ஒரு ப்ரமோட்டர், காமா, தம்பி இமாம் பக்ஷ், இன்னும் ரெண்டு பயில்வான்களை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போனார். ஜான் புல் பத்திரிகை பேர்ல உலக சாம்பியன் போட்டி நடக்க இருந்தது. அங்க போய் நின்னா, உயரம் பத்தலைன்னு காமாவைச் சேத்துக்கவே இல்லை.

இந்த இடத்துல திரும்பி வந்திருந்தா நமக்குக் கதையே இல்லை. காமா ஒரு அறிவிப்பு விட்டார். எந்த எடைப் பிரிவா இருந்தாலும் சரி, எந்த மூணு பேர் வந்தாலும் அரை மணி நேரத்துல கீழ தள்ளிக் காட்டுறேன்னு. லண்டன்காரங்க இது ஏதோ டிக்கெட் விக்கிற தந்திரம்னு நினைச்சு யாரும் வரலை. அப்புறம் அமெரிக்காவோட பிராங்க் காட்ச், போலந்தோட ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ ரெண்டு பேரையும் பேர் சொல்லியே கூப்பிட்டார். ஒண்ணு ஜெயிப்பேன், இல்லைன்னா பரிசுப் பணத்தை நானே கொடுத்துட்டு ஊருக்குப் போயிடுறேன்னு பந்தயம். இன்னிக்கு மைக்கைப் பிடிச்சு அரை மணி நேரம் ப்ரோமோ கட் பண்றாங்களே, அதை இவர் 1910-லயே ரெண்டு வரியில பண்ணிட்டார். இங்கிலீஷ் தெரியாமலேயே.

முதல்ல வந்தவர் அமெரிக்காக்காரர் பெஞ்சமின் ரோலர். டாக்டருக்குப் படிச்சவர், அதனால டாக் ரோலர். முதல் சுற்றுல ஒரு நிமிஷம் 40 செகண்ட்ல பின். ரெண்டாவது சுற்றுல ஒன்பது நிமிஷம் சொச்சம். மறுநாள் 12 பேரை வரிசையா தள்ளினார். அதுக்கப்புறம்தான் போட்டியில இடம் கிடைச்சது. இந்தப் பக்கம் தம்பி இமாம் பக்ஷ், ஸ்விட்சர்லாந்தோட ஜான் லெம்மை சில நிமிஷத்துலயே முடிச்சு அனுப்பிட்டார். லெம் அப்போ சாதாரண ஆள் கிடையாது. அண்ணனை விட தம்பிக்கு டெக்னிக் அழகுன்னு அப்போ பாத்தவங்கள்ல ஒரு கூட்டம் இருந்தது.

1910 செப்டம்பர் 10. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ், 1908 ஒலிம்பிக்ஸ் நடந்த ஸ்டேடியம். எதிர்ல ஸ்பிஸ்கோ. எடை 115 கிலோவுக்கு மேல, காமாவை விட கால் பங்குக்கும் அதிகம். மேட்ச் ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துக்குள்ள காமா அவரைக் கீழ இறக்கிட்டார். அதுக்கப்புறம் ஸ்பிஸ்கோ எழுந்திருக்கவே இல்லை. மேட்ல குப்புறப் படுத்து, கை கால் பரப்பி ஒட்டிக்கிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல அப்படியேதான். காமா இழுத்துப் பாக்குறார், புரட்டிப் பாக்குறார், ஒண்ணும் அசையலை. கூட்டம் கத்துது, வையுது. இருட்டினதும் டிராவா நிறுத்தினாங்க. ஸ்பிஸ்கோவைக் கோழைன்னு நம்மாளுங்க எழுதுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கோதா மண்ல பழகின ஆளுக்கு, மேட்ல சப்பையா படுத்துக் கிடக்குற 115 கிலோவைப் புரட்டுறது பழக்கமே இல்லாத வேலை. அதைக் கண்டுபிடிச்சு இரண்டரை மணி நேரம் அவமானத்தைத் தாங்கிக்கிட்டு படுத்துக் கிடக்க ஒரு மூளை வேணும். செண்டர் ஆஃப் கிராவிட்டி தரையில இருந்தா யாராலயும் கவுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு வாரம் கழிச்சு, 17-ம் தேதி மறுபடி மோதணும்னு முடிவாச்சு. காமா வந்தார். ஸ்பிஸ்கோ வரலை. பெல்ட் காமாவுக்கு.

அந்த வருஷம் ஜூலைலதான் அமெரிக்காவுல ஜாக் ஜான்சன்னு கறுப்பின குத்துச்சண்டை வீரர், வெள்ளைக்காரங்களோட நம்பிக்கையா இருந்த ஜெஃப்ரீஸை அடிச்சு விழுத்தி நாடே கலவரமானது. ரெண்டே மாசத்துல லண்டன்லயே ஒரு இந்தியர் சாம்பியன் பெல்ட்டோட நிக்கிறார். சுதந்திரத்துக்கு இன்னும் 37 வருஷம் இருக்கு. இங்கிலாந்து பயில்வான்கள் 20 பேரோட ஒருத்தர் பின்னால ஒருத்தரா மோதத் தயார்னு காமா சொன்னதுக்கு ஆள் வரலை. பிராங்க் காட்ச் கடைசி வரைக்கும் இவர்கூட ரிங்ல ஏறவே இல்லை. உலகத்துலயே பெரிய ரெஸ்லர் யார்ங்கிற வாதத்துல காட்ச் பேரை முதல்ல எழுதுற அமெரிக்க ரசிகர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேகமா தாண்டிப் போயிடுவாங்க.

ஊர் திரும்பினதும் அலகாபாத்ல பழைய பாக்கி தீர்ந்தது. ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோட கடைசி மோதல். இந்தத் தடவை காமா ஜெயிச்சார். ருஸ்தம்-ஏ-ஹிந்த், அதாவது இந்தியாவின் சாம்பியன். பின்னாடி ஒருத்தர் கேட்டப்போ, தான் மோதின எல்லாரையும் விட பலசாலி ரஹீம் பக்ஷ்தான்னு காமா சொன்னதா பதிவு இருக்கு.

இப்போ ஸ்பிஸ்கோ பக்கம் கொஞ்சம் போயிட்டு வரலாம். ஏன்னா நாம பாக்குற ரெஸ்லிங் எப்படி இப்படி ஆச்சுங்கிறது அங்கதான் இருக்கு. 1920-கள்ல அமெரிக்காவுல ஸ்ட்ராங்லர் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட்னு மூணு பேர் சேர்ந்து தொழிலையே மாத்தினாங்க. ரெண்டு மூணு மணி நேரம் படுத்துக் கிடக்குற மேட்ச்சை யார் காசு கொடுத்து பாப்பாங்க? அதனால நேரக் கட்டுப்பாடு, வேகமான மூவ், முன்னாடியே பேசி வச்ச முடிவு. டேக் டீம் மேட்ச் பரவினதும் இந்த மாற்றத்தோட தொடர்ச்சியிலதான். ஃபுட்பால் ஆடிக்கிட்டிருந்த வேய்ன் மன்னை சாம்பியன் ஆக்கினாங்க. அவருக்கு நிஜ குஸ்தி தெரியாது. 1925 ஏப்ரல் 15 அன்று ஃபிலடெல்ஃபியாவுல மன்கிட்ட தோத்துக் கொடுக்க வேண்டிய ஆள் ஸ்பிஸ்கோ. தோக்கலை. நிஜமாவே பிடிச்சு திரும்பத் திரும்பப் பின் பண்ணினார். ரெஃப்ரிக்கு வேற வழியில்லாம அவரையே சாம்பியன்னு அறிவிக்க வேண்டியதாச்சு. 1997-ல பிரெட் ஹார்ட்டுக்கு நடந்த மாண்ட்ரியல் ஸ்க்ரூஜாப்தான் பெரிய துரோகம்னு நினைக்கிறவங்க இதைத் தேடிப் படிங்க. அதுக்கு 72 வருஷம் மூத்த அண்ணன் இது.

நாடகமும் தெரிஞ்ச, நிஜமும் தெரிஞ்ச இந்த ஸ்பிஸ்கோதான் 1928 ஜனவரியில பாட்டியாலாவுக்கு வந்தார். கூப்பிட்டது மகாராஜா பூபிந்தர் சிங், 1911-ல இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணிக்கு கேப்டனா இருந்தவர். இந்தத் தடவை மேட் இல்லை, மண். காமாவுக்கு 49 வயசு. ஸ்பிஸ்கோவும் ஐம்பதைத் தொடப் போறவர். சுத்தி பல்லாயிரம் பேர். பதினெட்டு வருஷமா காத்திருந்த மேட்ச் ஒரு நிமிஷம் கூட தாங்கலை. எத்தனை செகண்ட்ங்கிறதுல ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க, யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல சொல்றதில்லை. மகாராஜா காமாவுக்கு வெள்ளி கதை கொடுத்தார். அடுத்த வருஷம் வந்த ஜெஸ்ஸி பீட்டர்சனும் அதே மாதிரி சீக்கிரமே கிளம்பினார். அதுக்கப்புறம் காமாவை எதிர்க்க உருப்படியா யாரும் வரலை.

இங்க என் ரசிகர் மூளை வேற மாதிரி வேலை செய்யும். ஸ்பிஸ்கோவுக்கும் ஒரு தம்பி உண்டு, விளாடெக் ஸ்பிஸ்கோ. அவரும் அமெரிக்காவுல உலக சாம்பியன் பட்டம் கேட்ட ஆள். காமா, இமாம் பக்ஷ் ஒரு பக்கம். ரெண்டு ஸ்பிஸ்கோவும் மறுபக்கம். மண் கோதா, மூணு மணி நேரம், டேக் ரூல்ஸ். இதுக்கு மேல ஒரு கனவு மேட்ச்சை எந்த வீடியோ கேம்லயும் செட் பண்ண முடியாது. குஸ்தியில டேக்குங்கிறதே கிடையாது, அண்ணனும் தம்பியும் ஒரே கோதாவுல ஒரே பக்கம் நிக்கவே முடியாது. ஆனா ஒரு நல்ல டேக் டீம் என்ன பண்ணும்? ஒருத்தர் களைச்சா இன்னொருத்தர் தாங்குவார், ஒருத்தர்கிட்ட மோதணும்னா முதல்ல இன்னொருத்தரைத் தாண்டணும். காமாகிட்ட மோத ஆசைப்பட்ட பல பேர் தம்பியைத் தாண்டி வரவே இல்லை. ஐம்பது வருஷம் தோல்வியே இல்லாத ரெக்கார்டுன்னு காமாவைச் சொல்றோம். அதுல பாதிப் பங்கு வாசல்ல நின்ன தம்பிக்குக் கொடுக்கணும்ங்கிறது என் கருத்து. சண்டைக்கு வர்றவங்க கமெண்ட்ல வாங்க.

1947. பிரிவினை. காமா லாகூர் மோகினி ரோட்டுல இருந்தார். அந்தத் தெருவுல இந்துக் குடும்பங்களும் இருந்தாங்க. கொலைவெறியோட ஒரு கும்பல் வந்தப்போ காமா தன் பயில்வான்களோட குறுக்க போய் நின்னார்னும், முன்னாடி வந்தவனுக்கு விட்ட ஒரு அறையில மிச்சக் கூட்டம் கலைஞ்சதுன்னும் சொல்வாங்க. அந்தக் குடும்பங்களை எல்லை வரைக்கும் பத்திரமா அனுப்பி வச்சார், வழிக்கு வேண்டிய அரிசி பருப்புச் செலவையும் தானே ஏத்துக்கிட்டார். காமாவுக்கு அப்போ 69 வயசு. லண்டனையும் பாட்டியாலாவையும் விட இந்த மேட்ச்தான் எனக்குப் பெரிசு. பெல்ட் கிடையாது, எதிர்ல இருந்தது அவரோட சொந்த மதத்துக் கூட்டம்.

அதுக்கப்புறம் நடந்தது கொஞ்சம் கஷ்டமான பகுதி. காமாவுக்கு சோறு போட்டது சமஸ்தானங்கள். ததியா, பாட்டியாலா. சமஸ்தானம்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். புதுக்கோட்டையே 1948 மார்ச் வரைக்கும் தனி சமஸ்தானம்தான், நாம சர்டிஃபிகேட்டுக்கு அலையுற கலெக்டர் ஆபீஸ் ஒரு காலத்துல அரண்மனை. இங்க மிருதங்கமும் கஞ்சிராவும் வளர்ந்தது அரண்மனைக் காசுல. அங்க குஸ்தி. ராஜாக்கள் போனதும் ஜனநாயகம் வந்தது, ரொம்ப நல்லது. ஆனா பத்து லிட்டர் பால் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாம போச்சு. காமாவோட பழைய ராஜாக்கள் இந்தியாவுல, அவர் பாகிஸ்தான்ல. பஸ் விட்டுப் பாத்தார், ஓடலை. கவர்ன்மென்ட் கொஞ்சம் நிலம் கொடுத்தது. 1952-ல குஸ்தியில இருந்து விலகினார். இதய நோய், ஆஸ்துமா. வைத்தியச் செலவுக்குக் கஷ்டம், ஜெயிச்ச பதக்கங்களை விக்கிற நிலைமைன்னு செய்தி வந்தப்போ, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா மாசாமாசம் பணம் அனுப்ப ஏற்பாடு பண்ணினார். 1960 மே 23 அன்று லாகூர்ல காமா இறந்தார். 82-வது பிறந்தநாளுக்கு மறுநாள். பின்னாடி பாகிஸ்தான் பிரதமரான நவாஸ் ஷெரீஃபோட மனைவி குல்சூம், காமாவோட பேத்தி.

ஸ்பிஸ்கோ அவரை விட ஏழு வருஷம் அதிகமா வாழ்ந்தார். 1950-ல வந்த நைட் அண்ட் த சிட்டி படத்துல, பொய் ரெஸ்லிங்கை வெறுக்குற ஒரு கிழட்டு நிஜ ரெஸ்லரா நடிச்சிருக்கார். நடக்குற இடம் லண்டன். படம் கிடைச்சா பாருங்க, அதுல வர்ற குஸ்திக் காட்சியில அவர் மூச்சு வாங்குறது நடிப்பு மாதிரி தெரியாது.

காமாவோட பக்கத்துல குஸ்தி தம்பி வீட்டு வழியா தொடர்ந்தது. இமாம் பக்ஷோட பையன்கள் போலு சகோதரர்கள்னு பேர் எடுத்தாங்க. அதுல அக்ரம், 1976 டிசம்பர்ல கராச்சியில ஜப்பானோட அண்டோனியோ இனோகியோட மோதினார். அதே வருஷம் ஜூன்ல முகமது அலியோட மோதின அதே இனோகி. பேசி வச்ச மேட்ச் நடுவுல நிஜமாயிடுச்சு, அக்ரமோட கை உடைஞ்சது. குடும்ப மானம். அதை மீட்க அக்ரமோட அண்ணன் அஸ்லமோட பையன் ஜாராவைத் தயார் பண்ணினாங்க. பத்தொன்பது வயசு கூட நிரம்பாத பையன், 1979 ஜூன்ல லாகூர்ல இனோகிக்கு எதிரா கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னான். முடிவு அறிவிக்கும் முன்னாடியே இனோகி போய் அவன் கையைப் பிடிச்சு மேல தூக்கினார். ஜாரா 1991-ல, முப்பத்தொண்ணு வயசுக்குள்ளேயே இறந்துட்டார். பல வருஷம் கழிச்சு, 2014 வாக்குல, வயசான இனோகி அந்தக் குடும்பத்துல இருந்து ஒரு சின்னப் பையனை, ஜாராவோட அண்ணன் தம்பி வழிப் பிள்ளையை, ரெஸ்லிங் கத்துக்க ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போனார்.